செக்‌ஷன் 8 வீட்டில் வாடகைப் பாக்கி: அவசர உதவித்தொகைக்கு முன்னால் கேட்க வேண்டியது

கேள்வி: நியூ ஜெர்சியில் செக்‌ஷன் 8 வவுச்சரில் (வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் உதவித் திட்டம்) வாடகைக்கு இருக்கும் என் அக்காவுக்கு வேலை நேரத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள். மூன்று மாத வாடகை பாக்கி நிற்கிறது. வீட்டுக்காரர் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். இரண்டு தொண்டு அமைப்புகளிடம் கேட்டாள். "ஏற்கெனவே அரசு உதவியில்தானே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தர முடியாது" என்று இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டார்கள். இவளைப் போன்றவர்களுக்கு அவசர நிதி எதுவுமே கிடையாதா? அதுவரை நான் மாதாமாதம் பணம் அனுப்பலாமா?

பதில்: அவசர நிதி உண்டு. ஆனால் அதைத் தேடி அலைவதற்கு முன்னால் உங்கள் அக்கா செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை இன்றைக்கே செய்ய வேண்டும். வருமானம் குறைந்துவிட்டது என்று, வவுச்சரை நடத்தும் உள்ளூர் வீட்டுவசதி ஆணையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, வாடகைக் கணக்கைத் திருத்தச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, எனவே அவர் இன்னும் தெரிவிக்கவில்லை என்றே நினைக்கிறேன். குடியிருப்போருக்கு ஆலோசனை சொல்லும் மையம் ஒன்றில் பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து வருகிறேன். பாக்கியோடு வருகிறவர்களில் மிகப் பலர் இதைச் செய்யாமலே வருகிறார்கள். "வேலை போனதைச் சொன்னால் வவுச்சரையும் பிடுங்கிக்கொள்வார்கள்" என்ற பயம்தான் காரணம். உண்மை இதற்கு நேர்மாறானது.

இந்த வாடகை எப்படி வருகிறது என்று பாருங்கள். 1969இல் மாசசூசெட்ஸ் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த சட்டத் திருத்தம், அரசுக் குடியிருப்பில் இருப்பவரின் வாடகை அவர் வருமானத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. 1981இல் அதை 30 விழுக்காடாக்கினார்கள். 1974இல் பிறந்த செக்‌ஷன் 8 திட்டமும் இதே அடிப்படையில்தான் ஓடுகிறது. வருமானத்தில் சில கழிவுகளைக் கழித்து, மீதியில் ஏறக்குறைய 30 விழுக்காட்டைக் குடும்பம் கட்டும், மிச்சத்தை ஆணையம் நேரே வீட்டுக்காரருக்குக் கட்டும். வருமானம் இறங்கினால் குடும்பத்தின் பங்கும் இறங்க வேண்டும். ஆனால் அது தானாக இறங்காது. சொன்னால்தான் இறங்கும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அக்காவின் சம்பளம் மாதம் 2,000 டாலராக இருந்து 900 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 480 டாலர் கழிவு (நெடுங்காலம் இருந்த தொகை இது, இப்போது சற்றுக் கூடியிருக்கலாம்). பழைய சம்பளத்தில் ஆண்டு வருமானம் 24,000. இரண்டு பிள்ளைகளுக்கு 960 போக 23,040. மாதத்துக்கு 1,920, அதில் 30 விழுக்காடு 576 டாலர். புதிய சம்பளத்தில் ஆண்டுக்கு 10,800. கழிவு போக 9,840. மாதத்துக்கு 820, அதில் 30 விழுக்காடு 246 டாலர். வீட்டின் மொத்த வாடகை ஆணையம் வைத்திருக்கும் வரம்புக்குள் இருந்தால், அவர் கட்ட வேண்டியது 576 அல்ல, 246தான். மூன்று மாதப் பாக்கி பழைய கணக்கில் 1,728 டாலர், புதிய கணக்கில் 738. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருந்தால் அந்தச் செலவுக்கும் கழிவு உண்டு.

கடந்த மூன்று மாதத்துக்கும் இந்தக் குறைப்பைப் பின்தேதியிட்டுத் தருவார்களா என்பதுதான் அடுத்த கேள்வி. வழக்கமாகத் தெரிவித்த நாளுக்கு அடுத்த மாதம் முதல் குறைப்பார்கள். வருமானம் குறைந்த நாளிலிருந்தே குறைக்க இடம் உண்டா என்பது ஒவ்வோர் ஆணையத்தின் எழுத்து விதியைப் பொறுத்தது. அந்த விதிகள் அடங்கிய நிர்வாகத் திட்டம் பொது ஆவணம், கேட்டால் காட்ட வேண்டும். பின்தேதி வேண்டும் என்று வாயால் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். எழுதிக் கேளுங்கள். நோயோ மொழிச் சிக்கலோ, தாமதத்துக்கு உண்மையான காரணம் எது இருந்தாலும் அதையும் எழுதுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வருமானக் கணக்கின் மேல் கருத்து வேறுபாடு வந்தால் விசாரணை கேட்கும் உரிமை வவுச்சர் குடும்பத்துக்கு உண்டு.

சம்பளம் முழுவதும் நின்றுபோனவர்களுக்கும் ஒரு வார்த்தை. வருமானம் இல்லாவிட்டாலும் குறைந்தபட்ச வாடகை என்று ஒன்றைக் கேட்பார்கள். வவுச்சரிலும் அரசுக் குடியிருப்பிலும் ஆணையம் அதை 50 டாலர் வரை வைக்கலாம். வேலை இழப்பு, குடும்பத்தில் மரணம், வெளியேற்றப்படும் நிலை போன்ற காரணங்கள் இருந்தால் அந்தத் தொகையிலிருந்தும் விலக்கு கேட்கலாம். கேட்டதும் ஆணையம் அதை நிறுத்திவைத்துவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும். இப்படி ஒரு விலக்கு இருப்பதே தெரியாமல் 50 டாலருக்காகக் கைமாற்று வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் கனத்துப்போகும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எந்த உதவித்தொகையும் ஒரு முறை வருவது. கணக்கைத் திருத்தாமல் பாக்கியை மட்டும் அடைத்தால், அடுத்த மாதமே மறுபடி 576 டாலர் கேட்பார்கள், நான்காம் மாதம் இதே இடத்தில் நிற்பீர்கள். உதவி தரும் அமைப்புகளுக்கும் இது தெரியும். "அடுத்த மாதம் எப்படிக் கட்டுவீர்கள்?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. திருத்திய வாடகைக் கடிதத்தை மேசையில் வைப்பதைவிட நல்ல பதில் அதற்கு இல்லை.

இனி உதவித்தொகைக்கு வருகிறேன். மத்திய வீட்டுவசதித் துறை தனி மனிதர்களுக்கு நேரடியாக மானியம் கொடுப்பதில்லை. பணம் மாநிலத்துக்கும் நகரத்துக்கும் கவுண்டிக்கும் (நம் ஊர் மாவட்டம் போன்றது) போய், அங்கிருந்து உள்ளூர் அமைப்புகளின் வழியாகத்தான் கைக்கு வரும். ஆகவே "உங்களுக்கு அரசு வீட்டு மானியம் ஒதுக்கியாகிவிட்டது, கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று வரும் அழைப்பு எதுவும் உண்மையில்லை. இப்படி ஏமாந்து, கையில் இருந்த கொஞ்சத்தையும் இழந்த குடும்பங்கள் எங்கள் மையத்துக்கு வந்திருக்கின்றன.

பெருந்தொற்றுக் காலத்தில் 2020 டிசம்பரில் 2,500 கோடி டாலரும், 2021 மார்ச்சில் 2,155 கோடி டாலரும் வாடகை உதவிக்காக ஒதுக்கப்பட்டன. அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. இரண்டாவது தவணையின் கெடுவும் 2025 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. இணையத்தில் தேடினால் அதன் பழைய பக்கங்கள்தான் முதலில் வரும், அவற்றில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஆனால் அந்தத் திட்டத்திலிருந்து உங்கள் அக்காவுக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது. அரசு உதவி பெறும் வீட்டில் இருப்பவரும் தம் பங்கு வாடகைக்கு அந்த நிதியைப் பெறலாம், உதவி வீட்டில் இருக்கிறார் என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று கருவூலத் துறையே விளக்கம் எழுதியது. அரசு ஏற்கெனவே கட்டும் பங்குக்கு இரண்டாவது முறை பணம் வாங்கக் கூடாது, அவ்வளவுதான் தடை.

இருந்தும் நடந்தது என்ன? நியூயார்க் மாநிலம் 2021 ஜூனில் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசுக் குடியிருப்பிலும் வவுச்சரிலும் இருப்பவர்களை வரிசையின் கடைசியில் வைத்தது. மற்ற எல்லாருக்கும் கொடுத்து மீதி இருந்தால் இவர்களுக்கு. மீதி இருக்கவில்லை. நியூயார்க் நகரத்தின் அரசுக் குடியிருப்புகளில் பாக்கி மலைபோல ஏறியது. குடியிருப்போர் போராடிக் கேட்டு, 2023ஆம் ஆண்டு மாநில நிதிநிலை அறிக்கையில்தான் பெரும்பாலும் இவர்களுக்காக 39.1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுத் தாமதம். "ஏற்கெனவே உதவி பெறுகிறவர்கள்தானே" என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் அக்காவிடம் அந்த இரண்டு அமைப்புகளும் சொன்னதும் இதே எண்ணத்திலிருந்து வந்ததுதான். 246 டாலர் கட்ட முடியாத குடும்பம், 2,000 டாலர் கட்ட முடியாத குடும்பத்தைவிட எந்த வகையில் வசதியானது?

இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வழிகளைச் சொல்கிறேன். வீடிழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கான மத்திய அவசரத் தீர்வு நிதி ஒன்று இருக்கிறது. அதன் விதியில் இப்படி எழுதியிருக்கிறது: வேறு அரசு வாடகை உதவி பெறுகிறவருக்கு இந்த நிதியிலிருந்து மாதாந்தர உதவி கிடையாது, ஆனால் குடியிருப்பவரின் பங்கில் விழுந்த பாக்கியை ஒரே ஒரு முறை அடைக்கலாம். அதிகபட்சம் ஆறு மாதப் பாக்கி. விதியின் முதல் பாதியைப் படித்தவர்கள்தான் "முடியாது" என்கிறார்கள். இரண்டாம் பாதியை நீங்கள் பணிவோடு எடுத்துக்காட்ட வேண்டும். கூட்டாட்சி விதித்தொகுப்பில் 24ஆம் தலைப்பு, 576.106ஆம் பிரிவு. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். எண்ணைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் மேலாளரை அழைத்து வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த நிதிக்கு வருமானம் அந்த வட்டாரத்தின் நடு வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் ஆபத்துக்கு எழுத்துச் சான்றும் வேண்டும். கதவில் ஒட்டிய நோட்டீஸைக் கண்டு அக்கா கலங்கியிருப்பார். கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பல உதவித் திட்டங்களில் நுழைவுச்சீட்டே அந்தத் தாள்தான். நோட்டீஸ் வருவதற்கு முன் போனால் "இன்னும் ஆபத்து இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள், வழக்கு முடிந்தபின் போனால் "தாமதமாகிவிட்டது" என்பார்கள். இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில்தான் இப்போது அக்கா இருக்கிறார்.

மாநில வழிகள் இடத்துக்கு இடம் மாறும். நியூ ஜெர்சியில் கவுண்டி சமூக சேவை அலுவலகம் தரும் அவசர உதவி, மாநிலத்தின் பண உதவித் திட்டத்திலோ, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான எஸ்எஸ்ஐ திட்டத்திலோ இருப்பவர்களுக்குத்தான். வருமானம் இவ்வளவு இறங்கிவிட்டதால், அக்கா இப்போது பண உதவிக்கே தகுதி பெற்றிருக்கலாம். அதையும் அங்கேயே கேட்கட்டும். நியூயார்க் நகரத்தில் இருந்தால் 'ஒன் ஷாட் டீல்' என்று எல்லாரும் சொல்லும் ஒருமுறை உதவி உண்டு. அதில் சிலர் பணத்தைத் திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டிவரும், படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். மாசசூசெட்ஸில் 'ராஃப்ட்' திட்டம் ஆண்டுக்கு 7,000 டாலர் வரை தந்து வந்திருக்கிறது. உதவி வீட்டில் இருப்பவர்கள் அங்கே பாக்கி விழுந்ததற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். வேலை நேரக் குறைப்பு அப்படிப்பட்ட காரணம்தான்.

எந்த மாநிலமானாலும் முதல் தொலைபேசி அழைப்பு 211 என்ற எண்ணுக்கு. அந்த வாரம் எந்த அமைப்பிடம் பணம் இருக்கிறது என்று சொல்வார்கள். தேவாலயங்களைச் சார்ந்த அமைப்புகளும் சால்வேஷன் ஆர்மி போன்றவையும் மதம் பார்த்துக் கொடுப்பதில்லை, கூச்சப்படாமல் போகலாம். அவர்கள் பணத்தைக் கையில் தருவதில்லை. வீட்டுக்காரருக்கு இவ்வளவு தருகிறோம் என்று உறுதிக் கடிதம் எழுதி, அவர் பெயருக்கே காசோலை அனுப்புவார்கள். ஓர் இடத்தில் 200, இன்னோர் இடத்தில் 300 என்றுதான் கிடைக்கும். மீதித் தொகை எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். ஆகவே முதல் கடிதம் கிடைத்ததும் அதன் நகலோடு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். 1,728 டாலரை இப்படிச் சேர்ப்பது மிகக் கடினம். 738 டாலரைச் சேர்த்துவிடலாம். கணக்கைத் திருத்துங்கள் என்று முதலிலேயே மன்றாடியது இதற்காகவும்தான்.

இப்போது நீங்கள் மாதாமாதம் பணம் அனுப்புவதைப் பற்றி. தம்பி, உங்கள் மனம் புரிகிறது, ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உறவினரிடமிருந்து தவறாமல் மாதந்தோறும் வரும் பணத்தை ஆணையம் வருமானமாகக் கணக்கில் எடுக்கும். நீங்கள் மாதம் 300 டாலர் அனுப்பினால் அக்காவின் வாடகைப் பங்கு 90 டாலர் ஏறும். அனுப்பியதை அவர் சொல்லாமல் விட்டால், பிற்பாடு வங்கிக் கணக்கைப் பார்க்கும்போது வருமானத்தை மறைத்தார் என்றாகி, வவுச்சருக்கே ஆபத்து வரும். ஒரே ஒரு முறை, பாக்கியை அடைப்பதற்காகத் தரும் பணம் அப்படியல்ல. எப்போதாவது ஒருமுறை வரும் தொகை வருமானத்தில் சேராது. அமைப்புகள் தரும் ஒருமுறை உதவித்தொகையும் சேராது. ஆகவே உங்களால் முடிந்ததை ஒரே தொகையாக, பாக்கிக்கு என்று எழுதி, முடிந்தால் நேரே வீட்டுக்காரருக்கே காசோலையாக அனுப்புங்கள்.

மின்சாரக் கட்டணம் அக்காவின் பெயரில் இருந்தால் அதையும் மறக்கக் கூடாது. வாடகையைக் கட்டுவதற்காக மின்கட்டணத்தைத் தள்ளிப்போடுவது எல்லாரும் செய்வது. வவுச்சர் வீட்டில் அது ஆபத்து. குடியிருப்பவர் கட்ட வேண்டிய மின்சாரமோ எரிவாயுவோ துண்டிக்கப்பட்டால், வீட்டின் தரத்துக்கான விதி மீறப்பட்டது என்று கணக்காகும், அந்த மீறல் குடும்பத்தின் தலையில் விழும். 1981 முதல் இருந்துவரும் லைஹீப் என்ற எரிசக்தி உதவித் திட்டத்தில், துண்டிப்பு அறிவிப்பு வந்தவர்களுக்கு நெருக்கடி உதவி என்று தனிப் பிரிவு உண்டு. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டிவரலாம்.

வழக்கு நீதிமன்றம் போனால் என்ன ஆகும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தைக் கடுமையாக மீறியதற்காக வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் வவுச்சரை ஆணையம் ரத்து செய்தே ஆக வேண்டும் என்கிறது விதி. வாடகை கட்டாததும் அந்த மீறலில் வரும். அப்படியானால் இந்த 738 டாலருக்குப் பின்னால் நிற்பது மூன்று மாத வாடகை மட்டுமல்ல, பல ஆண்டு காத்திருந்து கிடைத்த வவுச்சர். மறுபடி வரிசையில் நின்றால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். ஆகவே நீதிமன்ற அழைப்பு வந்தால் எந்தக் காரணத்துக்காகவும் போகாமல் இருக்கக் கூடாது, வராதவர் தோற்றவராகிவிடுவார். இலவசச் சட்ட உதவி மையத்தை இப்போதே அணுகச் சொல்லுங்கள். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டத்தின் ஒரு பிரிவு, அரசு உதவி பெறும் வீடுகளில் வாடகைப் பாக்கிக்கு 30 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. கதவில் ஒட்டிய நோட்டீஸில் அந்த 30 நாள் இருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்த்துச் சொல்வார். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்ற முடியாது. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுப் பெண் தன் தாயிடம் "வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் அம்மா" என்று சொல்ல நேர்ந்ததை ஒருமுறை பார்த்தேன், இன்னும் மறக்கவில்லை.

இன்றிரவு அக்கா எழுத வேண்டிய கடிதம் நான்கு வரிதான். ஆங்கிலத்தில் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். என் வேலை நேரம் இந்தத் தேதியிலிருந்து குறைக்கப்பட்டது, இப்போது மாத வருமானம் இவ்வளவு. என் வாடகைப் பங்கை இடைக்கால மறுகணக்கீடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். குறைப்பை வருமானம் குறைந்த மாதத்திலிருந்தே நடைமுறைப்படுத்துமாறு கேட்கிறேன், இதுவரை தெரிவிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இது. வெளியேற்ற நோட்டீஸ் வந்திருப்பதால் விரைந்து முடிவு தெரிவிக்க வேண்டுகிறேன். கடைசி நான்கு சம்பளச் சீட்டுகளையும் நோட்டீஸின் நகலையும் இணைத்து, நாளைக் காலை அலுவலகம் திறந்ததும் நேரில் கொடுக்கட்டும். தம்மிடம் இருக்கும் நகலில் பெற்றுக்கொண்ட தேதியின் முத்திரையைப் போட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.